41 கிலோ குறைஞ்சாச்சு, ஆனா குளிக்கும்போது லைட்டை அணைச்சிடறேன்

வாசகி ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. ஊரு, பேரு, வேலை செய்யுற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா தரேன்.

"மேடம், எனக்கு 32 வயசு, 158 சென்டிமீட்டர் உயரம். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் 108 கிலோ. சுகர், பிசிஓடி, முட்டி வலி எல்லாம் இருந்துச்சு, வீட்டுல சண்டை போட்டுத்தான் எடை குறையறதுக்காக வயித்தைச் சின்னதாக்குற ஸ்லீவ் சர்ஜரி பண்ணிக்கிட்டேன். 16 மாசம் ஆச்சு, இப்போ 67 கிலோ. சுகர் மாத்திரைய டாக்டரே நிறுத்திட்டாங்க, பீரியட்ஸும் சரியாயிடுச்சு. ஆனா நான் சந்தோஷமா இல்ல. சின்ன வயசுல இருந்து பீப்பா, குண்டம்மான்னு கூப்பிட்ட சொந்தக்காரங்களே இப்போ 'என்னடி இப்படி வத்திப் போயிட்ட, முகத்துல களையே இல்ல, ஏதாவது வியாதியா'ங்கறாங்க. நாலு வருஷம் முன்னாடி பொண்ணு குண்டா இருக்குன்னு சொல்லிட்டுப் போன அதே குடும்பம் இப்போ புரோக்கர் மூலமா திரும்ப ஆள் அனுப்பியிருக்கு, கூடவே 'இன்னும் பத்து பன்னெண்டு கிலோ குறைச்சா போட்டோல நல்லா இருக்கும்'னு ஒரு வார்த்தை வேற. ஆபீஸ்ல எட்டு வருஷமா என் டேபிளைத் தாண்டிப் போனவங்க இப்போ எனக்கும் சேத்து டீ சொல்றாங்க, அதைக் குடிக்கும்போது கோவம் கோவமா வருது. வயித்துலயும் கையிலயும் தோல் தொங்குது, லைட்டை அணைச்சுட்டுத்தான் குளிக்கிறேன். போன மாசம் டெய்லர் அக்காகிட்ட அளவு பிளவுஸ் கொடுத்தேன், அவங்க விரிச்சுப் பாத்துட்டு 'இது யாரோடதும்மா, உங்க அம்மாவோடதா'ன்னு கேட்டாங்க, கடையிலயே அழுதுட்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவை வெயிட் பாக்குறேன். நைட் சாப்பிடறதை விட்டுட்டேன். சர்ஜரி பண்ணின விஷயத்தை மாப்பிள்ளை வீட்டுல மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா சொல்றாங்க. நன்றி கெட்டவளா இருக்கேனோன்னு தோணுது. என்ன பண்றது?"

அன்புள்ள தோழிக்கு,

அந்த டீயில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட இடம் அதுதான். எடை குறைப்பு சர்ஜரி பண்ணினவங்களுக்கு மனநல ஆலோசனை சொல்றதுதான் என் வேலை, நல்லா எடை குறைஞ்ச பெண்கள் பல பேர் என்கிட்ட இதே மாதிரி ஒரு விஷயத்தைத் தயங்கித் தயங்கி சொல்லியிருக்காங்க, ஒருத்தங்களுக்கு பஸ்ல யாரோ எழுந்து இடம் கொடுத்தது, இன்னொருத்தங்களுக்கு ஜவுளிக்கடையில சேல்ஸ்மேன் சிரிச்ச முகமா புடவை எடுத்துப் போட்டது. நல்லதுதானே நடக்குது, அப்புறம் ஏன் எரியுதுன்னு அவங்களுக்கே புரியாது. நான் என்ன நினைக்கிறேன்னா, 108 கிலோல இருந்தப்போ யாரும் உங்ககிட்ட சரியா பேசலைன்னா அதுக்கு நீங்களே ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெச்சிருப்பீங்க, எனக்குக் கலகலப்பா பேச வராது, அவங்க பிஸி, நான் கொஞ்சம் ரிசர்வ்டு, இப்படி ஏதோ ஒண்ணு. அந்தக் காரணத்தை நம்பித்தான் எட்டு வருஷம் அந்த ஆபீஸ்ல உக்காந்திருக்கீங்க. இப்போ நீங்க அதே ஆளு, அதே பேச்சு, அதே வேலை, உடம்பு மட்டும்தான் வேற, டீ வந்துருச்சு. அப்போ அத்தனை வருஷமும் நடந்தது என்னன்னு ஒரே நாள்ல புரிஞ்சுபோச்சு. அந்தக் கோவம் நன்றி கெட்டத்தனம் இல்ல மா, 108 கிலோல இருந்த அந்தப் பொண்ணுக்காக வர்ற கோவம், அவளுக்காக இதுவரைக்கும் யாருமே கோவப்பட்டதில்ல, இப்போ நீங்க படுறீங்க. அதை மாத்திரை போட்டு அடக்க வேண்டிய விஷயமா நான் பாக்கல.

ஆனா அந்தக் கோவத்தை வெச்சு ஆபீஸ்ல எல்லாரையும் ஒரே தட்டுல வைக்க வேணாம். உங்க டீமையே யோசிச்சுப் பாருங்க, 108 கிலோல இருந்தப்பவும் சாப்பாட்டு டப்பாவைப் பகிர்ந்துக்கிட்டவங்க ஒருத்தராவது ரெண்டு பேராவது இருந்திருப்பாங்க. உங்க நேரத்தை அவங்களுக்குக் கொடுங்க. மத்தவங்க டீ சொன்னா குடிங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, அவங்களை மன்னிக்கணும்னும் கட்டாயமில்ல, சண்டை போடணும்னும் இல்ல.

அடுத்தது சொந்தக்காரங்க. குண்டா இருந்தா பீப்பா, இளைச்சா வியாதி. இதுல நீங்க கவனிக்க வேண்டியது, அவங்க சொல்றதுல உங்க உடம்பைப் பத்தின தகவல் எதுவுமே இல்லங்கறதுதான். தமிழ்நாட்டுல 15-ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்தையும் எடையையும் வெச்சுப் போடுற கணக்கு, 25 அல்லது அதுக்கு மேல, அதிக எடைன்னு 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுது, இந்தியா முழுக்க எடுத்தா அது 24 சதவீதம்தான். அதாவது நம்ம கல்யாண மண்டபத்துல பந்தியில உக்காந்திருக்குற பத்துப் பெண்கள்ல நாலு பேரு அப்படித்தான் இருக்காங்க, உங்களை பீப்பான்னு கூப்பிட்ட அத்தையும் அதுல ஒருத்தங்களா இருந்திருக்கலாம். இவ்வளவு சாதாரணமான ஒரு உடம்பைத்தான் நம்ம சினிமாவுல பல வருஷமா காமெடி டிராக்குக்கு மட்டும் வெச்சிருந்தாங்க.

பிரபலமானவங்களையும் விட்டு வெச்சாங்களா சொல்லுங்க. குஷ்புவை பூசினாப்புல இருக்காங்கன்னு கொண்டாடி, கோயில் கட்டுற அளவுக்குப் போன ஊரு இது, அவங்களே 2025-ல இளைச்ச போட்டோ போட்டப்போ எடை குறைக்கிற ஊசி போட்டுத்தானே இளைச்சீங்கன்னு கிண்டல் வந்துச்சு, அவங்க கோவமா பதில் சொல்ல வேண்டியதாயிடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல சென்னையில ஒரு பிரஸ் மீட்டு, படத்துல ஹீரோ ஹீரோயினைத் தூக்குற சீனை வெச்சு அந்தப் பொண்ணு எவ்வளவு வெயிட்டுன்னு கேட்டிருந்த கேள்விக்கு அந்தப் படத்தோட ஹீரோயின் கௌரி கிஷன் அங்கேயே மைக்கைப் பிடிச்சு இது பாடி ஷேமிங், என் வெயிட் உங்களுக்கு எதுக்குன்னு கேட்டாங்க, பக்கத்துல உக்காந்திருந்தவங்க அந்த நிமிஷம் வாயே திறக்கல, சென்னை பிரஸ் கிளப் கண்டனம் எல்லாம் அப்புறம்தான் வந்துச்சு. நான் அந்த வீடியோவை என்கிட்ட வர்ற பொண்ணுங்களுக்குப் போட்டுக் காட்டுறேன். அவங்க குரல் நடுங்குறது கேக்கும், நடுங்கிக்கிட்டேதான் கேக்குறாங்க, அதுதான் எனக்கு அதுல முக்கியமா படுது, தைரியமா இருந்தாத்தான் கேக்கணும்னு இல்ல.

சித்தி பெரியம்மாகிட்ட நீங்க பிரஸ் மீட் மாதிரி பேச வேண்டியதில்ல. ஒரே ஒரு பதிலை முடிவு பண்ணி வெச்சுக்கோங்க, எல்லாருக்கும் அதையே சொல்லுங்க. "சுகர் மாத்திரை நின்னுருச்சு சித்தி, முட்டி வலி போயிருச்சு, நான் நல்லா இருக்கேன். உங்க பையன் எப்படி இருக்கான்?" அவ்வளவுதான். விளக்கம் சொல்ல ஆரம்பிச்சா அவங்க அடுத்த கேள்விக்குப் போவாங்க. மறுபடி மறுபடி வந்தா "என் உடம்பைப் பத்திப் பேசாதீங்க சித்தி, எனக்குக் கஷ்டமா இருக்கு"ன்னு நேராவே சொல்லுங்க, மரியாதை குறையாம சொல்லலாம், ஒரு தடவை முகம் சுளிப்பாங்க, அவ்வளவுதான்.

இப்போ டெய்லர் அக்கா. உடம்பு 16 மாசத்துல மாறிடுச்சு, ஆனா உங்க உடம்பு எவ்வளவு இடம் பிடிக்கும், எந்த வழியில நுழைய முடியும்னு மூளைக்குள்ள இருக்குற கணக்கு இருபது முப்பது வருஷமா எழுதினது, அது அவ்வளவு சீக்கிரம் அழியாது. நிறைய எடை குறைச்சவங்க இன்னமும் குண்டா இருக்குற மாதிரியே உணர்றதை ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப நாளா கவனிச்சிருக்காங்க, அதுக்கு பாண்டம் ஃபேட்னே பேரு வெச்சிருக்காங்க. ஷேர் ஆட்டோல ஏறும்போது இன்னமும் நிறைய இடம் வேணும்னு நினைச்சு ஒதுங்கி உக்காருறது, பிளாஸ்டிக் சேரை ஒரு தடவை அழுத்திப் பாத்துட்டு உக்காருறது, கடையில கை தானா டபுள் எக்ஸ்எல் பக்கம் போறது, இதெல்லாம் அந்தப் பழைய கணக்கு வேலை செய்யுறதுதான். நீங்க அளவு பிளவுஸை எடுத்துட்டுப் போனதும் அதனாலதான், அவங்க 'யாரோடது'ன்னு கேட்டப்போ உங்களுக்குள்ள இருக்குறவ ஒருத்தியை அந்நியமாக்கின மாதிரி வலிச்சிருக்கு. அழுததுல தப்பே இல்ல.

வீட்டுல ஒண்ணு செஞ்சு பாருங்க, நாங்க செஷன்ல செய்யுறதுதான். ஒரு கயிறு எடுத்துக்கோங்க, உங்க இடுப்பு எவ்வளவு இருக்கும்னு மனசுல தோணுதோ அந்த அளவுக்கு தரையில வட்டமா போடுங்க. அப்புறம் அதே கயித்தை இடுப்புல சுத்தி உண்மையான அளவுக்கு ஒரு முடிச்சு போட்டு, திரும்ப தரையில வட்டமா வைங்க. நிறைய பேருக்கு முதல் வட்டத்துக்குள்ள ரெண்டாவது வட்டம் தாராளமா உக்காரும், அதைக் கண்ணால பாக்குறது நான் ஆயிரம் தடவை வாயால சொல்றதை விட உறைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், கொஞ்ச மாசத்துல ரெண்டு வட்டமும் கிட்டக் கிட்ட வரும். அப்புறம் அதே டெய்லர் அக்காகிட்ட போங்க, அளவு பிளவுஸ் இல்லாம போங்க, டேப் வெச்சு புதுசா அளவு எடுக்கச் சொல்லுங்க. பழைய பிளவுஸைத் தூக்கிப் போடணும்னு நான் சொல்ல மாட்டேன், பழைய போட்டோவையும் கிழிக்காதீங்க, சிலர் ஆல்பத்தையே எரிச்சுட்டு வந்து என்கிட்ட அழுதிருக்காங்க. வீட்டுல சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த 108 கிலோ பொண்ணுதான், அவளை வெட்கப்பட்டு ஒளிச்சு வைக்க எந்தக் காரணமும் இல்ல.

தோல் விஷயத்துல உங்களை யாரும் ஏமாத்திடக் கூடாதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன். பல வருஷம் விரிஞ்சு இருந்த தோல்ல மீள்தன்மை கொடுக்குற நார்கள் அறுந்துபோயிருக்கும், 41 கிலோ குறைஞ்சா அது முழுசா சுருங்காது, நீங்க எதுவும் சரியா பண்ணாததால வந்தது இல்ல. எந்த க்ரீமும், எண்ணெய் மசாஜும், பெல்ட்டும் அதைச் சரி பண்ணாது, விளம்பரத்துல காசைக் கொட்டாதீங்க. வெயிட் தூக்குற உடற்பயிற்சி செஞ்சா கையில தொடையில தசை கொஞ்சம் நிரப்பும், எலும்புக்கும் நல்லது, ஆனா வயித்து மடிப்பு அதுல போகாது. அந்த மடிப்புக்கு அடியில வேர்த்து அரிப்பு, சிவப்பு, வாடை வருதான்னு பாருங்க, நம்ம வெயிலுக்கு நிறைய பேருக்கு வரும், சொல்ல வெட்கப்படுவாங்க. குளிச்சதும் மடிப்பைத் தூக்கி மெல்லிய காட்டன் துணியால ஈரமில்லாம ஒத்தி எடுங்க. அரிப்பு வந்தா மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற ட்யூப் வேணவே வேணாம், அதுல பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு படர்தாமரை இன்னும் பரவும், தோல் மெலிஞ்சு போகும். தோல் டாக்டரைப் பாருங்க.

ஆபரேஷன் பண்ணி அந்தத் தோலை எடுக்கலாம், அது பிளாஸ்டிக் சர்ஜன் வேலை. எடை குறைஞ்சது ஆறு மாசமாவது ஒரே இடத்துல நின்னதுக்கு அப்புறம்தான் பண்ணுவாங்க. வயித்துக்குப் பண்ணினா ஒரு இடுப்புல இருந்து அடுத்த இடுப்பு வரைக்கும் தழும்பு, கைக்குப் பண்ணினா அக்குள்ல இருந்து முழங்கை வரைக்கும், அந்தத் தழும்போட வாழ முடியும்னு தோணினா பண்ணலாம். அழகுக்குன்னா இன்சூரன்ஸ் தராது, அடிக்கடி புண்ணு வருதுன்னா டாக்டர் அதை எழுதிக் கொடுத்தா கேட்டுப் பாக்கலாம். சென்னை ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைகள்லயும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு, தனியார்ல லட்சக்கணக்குல கேட்டு மலைச்சுப் போறதுக்கு முன்னாடி அங்க ஒரு தடவை காட்டுங்க. லைப்போசக்ஷன் பண்ணலாம்னு யாராவது சொன்னா வேணாம், அது கொழுப்பை உறிஞ்சுறது, உங்களுக்கு மிஞ்சியிருக்குறது தோலு. கல்யாணத் தேதிக்குள்ள முடிச்சிடணும்னு அவசரத்துல மட்டும் எதுக்கும் கையெழுத்துப் போடாதீங்க.

நாலு தடவை வெயிட் பாக்குறது, ராத்திரி பட்டினி, இது ரெண்டும்தான் உங்க கடிதத்துல எனக்குக் கவலை கொடுத்தது. சுருங்கின வயித்துல ஒரு வேளைக்கு நீங்க சாப்பிட முடியுறதே கொஞ்சம்தான், அதுல ஒரு வேளையை வெட்டிட்டா ஒரு நாளைக்குத் தேவையான 60 கிராம் புரோட்டீன் எங்கிருந்து வரும்? முடி கொட்டுறது, மயக்கம், ரத்தசோகை, தசை கரையுறது எல்லாம் அதுல இருந்து வரும், நீங்க வத்திப்போயிட்டன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்லணும்னா கூட முதல்ல நீங்க சாப்பிடணும். ராத்திரி ரெண்டு முட்டை, இல்லைன்னா பனீர், சுண்டல், மீன், கொஞ்சமா ஏதோ ஒண்ணு. சாப்பிட்டதும் குற்ற உணர்ச்சி வருதா, நீங்களா வரவழைச்சு வாந்தி எடுக்குறீங்களாங்கறதை நீங்க எழுதல, இருந்தா மறைக்காம உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. வாந்தி நாள் கணக்கா நிக்கலைன்னா பி1 வைட்டமின் குறைஞ்சு நரம்பு, மூளை வரைக்கும் பாதிக்கும், அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். வெயிட் மெஷினை அம்மாவோட பீரோவுல வெச்சிடுங்க, வாரம் ஒரு நாள் காலையில மட்டும் எடுங்க. காலைக்கும் ராத்திரிக்கும் ஒரு கிலோ வித்தியாசம் காட்டுறது தண்ணியும் சாப்பாடும்தான்.

போட்டோவுக்காக 55 கிலோ? வேணாம். ஸ்லீவ் பண்ணினவங்களுக்கு வழக்கமா மொத்த எடையில கால்வாசியில இருந்து 30 சதவீதம் வரைக்கும் குறையும், உங்களுக்கு 38 சதவீதம் குறைஞ்சிருக்கு. ஒன்றரை வருஷத்துக்கிட்ட எடை ஒரு இடத்துல நிக்குறது உடம்போட இயல்பு, அதுக்கு மேல அழுத்தினா உடம்பு எதிர்க்கும். அமெரிக்காவுல டிவி எடைக் குறைப்புப் போட்டியில கலந்துகிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு சோதிச்சதுல, அவங்க உடம்பு ஓய்வுல எரிக்கிற கலோரி எதிர்பார்த்ததை விட தினமும் 500 கிட்ட குறைவா இருந்துச்சு, 2016-ல வந்த ஆய்வு அது. இந்தியர்களுக்கான பிஎம்ஐ அட்டவணையில 67 கிலோவும் அதிகம்னுதான் காட்டும், அதைப் பாத்துப் பதறாதீங்க, சுகர் இல்ல, பீரியட்ஸ் சரி, முட்டி வலி இல்ல, நீங்க சர்ஜரிக்குப் போனது இதுக்குத்தானே.

அந்தக் குடும்பத்தைப் பத்தி என் அபிப்பிராயத்தையும் சொல்லிடறேன், கேக்காம சொல்றதுக்கு மன்னிக்கணும். பொண்ணு கேக்க வரும்போதே கிலோ கணக்கு பேசுறவங்க, பிரசவத்துக்கு அப்புறம் என்ன பேசுவாங்கன்னு எனக்கு பயமா இருக்கு. வேணாம்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, 32 வயசாயிடுச்சேங்கறது அதுக்கு பதில் இல்ல. ஒருவேளை அந்தப் பையன் தனியா பேசி, நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு அவன் என்ன நினைக்கிறான்னு சொன்னா, அப்போ யோசிக்கலாம்.

யாரா இருந்தாலும் சர்ஜரி விஷயத்தை மறைக்காதீங்க. அம்மா பயப்படுறது புரியுது, குறுக்கு வழியில இளைச்சவன்னு சொல்லிடுவாங்கன்னு நினைக்கிறாங்க. வயித்துல முக்கால்வாசிக்கு மேல எடுத்து, பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்குற பகுதியையே எடுத்துட்டு, ஒன்றரை வருஷம் அளந்து சாப்பிட்டு வாழுறது குறுக்கு வழியே இல்ல. உங்க பிஎம்ஐ அப்போ 43, 40-க்கு மேல போனா இன்சூரன்ஸ் விதியே இதை சிகிச்சைன்னு ஏத்துக்குது. மறைக்கவும் முடியாதும்மா, மறுவீட்டு விருந்துல இலை நிறைய வெச்சுட்டு ஏன் சாப்பிட மாட்டேங்குறன்னு கேப்பாங்க, தினமும் வாழ்நாள் முழுக்க வைட்டமின் மாத்திரை போடணும், தலைவலின்னா கண்ட பெயின்கில்லர் போடக் கூடாது. முக்கியமா குழந்தை. சர்ஜரி ஆகி ஒரு வருஷத்துல இருந்து ஒன்றரை வருஷமாவது போகட்டும்னுதான் பொதுவா டாக்டர்கள் சொல்வாங்க, கர்ப்பம் ஆனா குடிக்கச் சொல்ற குளுக்கோஸ் தண்ணி உங்களுக்கு மயக்கம், படபடப்பு கொடுக்கலாம், வேற மாதிரி டெஸ்ட் பண்ணணும், இதெல்லாம் கூட இருக்குறவனுக்குத் தெரியாம எப்படி நடக்கும்? பிசிஓடி இருந்தாலும் எடை குறைஞ்சா கரு தரிக்குற வாய்ப்பு கூடும், அதனால எதிர்பாராம நடந்துடவும் வாய்ப்பு அதிகம்.

ஸ்வீடன்ல 1987-ல இருந்து சர்ஜரி பண்ணினவங்களைத் தொடர்ந்து கவனிச்ச ஒரு பெரிய ஆய்வு இருக்கு, 2018-ல அதுல இருந்து ஒரு கட்டுரை வந்துச்சு, சர்ஜரி பண்ணாதவங்களை விட, பண்ணினவங்கள்ல தனியா இருந்தவங்க புதுசா துணை தேடிக்கிட்டதும் அதிகம், ஏற்கனவே சேர்ந்து இருந்தவங்க பிரிஞ்சதும் அதிகம். உடம்பு மாறும்போது உறவுகளும் இடம் மாறுது, அதனால ஆரம்பத்துலயே தெரிஞ்சு வர்றவன்தான் உங்களுக்கு நல்லது. நிச்சயத்துக்கு முன்னாடி சொல்லுங்க, புரோக்கர் வழியா வேணாம், சபையில வெச்சும் வேணாம், அந்தப் பையன்கிட்ட நீங்களே தனியா பேசி "எனக்கு சுகர் இருந்துச்சு, இந்த ஆபரேஷன் பண்ணினேன், இப்போ இல்ல, சாப்பாடு கொஞ்சம்தான் சாப்பிடுவேன், வயித்துல தோல் தளர்ந்து இருக்கும்"னு நாலு வரியில சொல்லுங்க. மன்னிப்பு கேக்குற தொனியில சொல்லாதீங்க. அம்மாவை உங்க அடுத்த டாக்டர் விசிட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பொண்ணு சொன்னா கேக்காதவங்க டாக்டர் சொன்னா கேப்பாங்க.

லைட்டை உடனே போடுங்கன்னு நான் சொல்லல. முதல்ல வெளியில இருக்குற லைட்டைப் போட்டு பாத்ரூம் கதவை லேசா திறந்து வெச்சுக் குளிங்க, பழகினதும் அடுத்ததைப் பாக்கலாம். இந்த மாசமே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு எடுத்துடுங்க, 16 மாசத்துல ஒரு தடவையாவது எடுத்திருப்பீங்கன்னு நம்புறேன், பழைய ரிப்போர்ட் இருந்தா அதையும் சேத்து வைங்க. உங்க ஊர்ல மனநல ஆலோசகர் கிடைக்கலைன்னா 14416, மத்திய அரசோட டெலி மானஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க. சாப்பாட்டு பயம் அதிகமாகுற ராத்திரியில கூப்பிடுங்க. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க, ராத்திரி என்ன சாப்பிட்டீங்கங்கறதையும் சேத்து எழுதணும்.